மூங்கிலும் பிசினும்: வெல்டிங் இல்லாமல் ஒரு சைக்கிள்

சென்ற மாதச் சங்கக் கூட்டத்துக்கு நான் சைக்கிளில் வந்திருந்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் சைக்கிளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது மூங்கில்தானே? உடையாதா?" என்றார். இன்னொருவர், "மூட்டுக்கு மூட்டு வெள்ளைக் கட்டு போட்டிருக்கிறதே, எந்த எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோனீர்கள்?" என்று கேலி செய்தார். பத்திரிகைப் பொறுப்பிலுள்ள அன்பர், "நின்றுகொண்டே எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். உடையும். நான் முதலில் செய்தது உடைந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நீங்கள் செய்வதும் உடையும். ஆகவே அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் திருவனந்தபுரத்தில் சைக்கிளுக்கும் இழைக்கலவைக்கும் பழைய உறவு உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே போயிற்று. அந்த நாட்களில் தேவாலயக் கட்டடம்தான் ஆபீசு. ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். 1966-ல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெசான் எடுத்த படம் உலகப் பிரசித்தம்: சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு முனை. பின்னால் அதே தும்பாவில்தான் கண்ணாடி இழையைப் பிசினில் நனைத்து ராக்கெட்டுக்குப் பாகம் செய்யும் வேலை வளர்ந்தது. அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம். 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து போன எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேல் கட்ட மோட்டார் உறைகள் இழைக்கலவையால் ஆனவை. இன்றும் வட்டியூர்க்காவில் விக்ரம் சாராபாய் நிலையத்தின் இழைக்கலவைப் பிரிவு இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும் நம் அன்பர்கள் பலருக்கு உள்ளே நடப்பது என்ன என்று தெரியாது.

பிற்காலத்தில் ஹைதராபாத்தில் இருந்தபோது கலாம் இன்னொரு காரியம் செய்தார். போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனமுள்ள உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஏவுகணைக்காக உருவான இழைக்கலவையைக்கொண்டு அதையே சில நூறு கிராமில் செய்து கொடுத்தார்கள். ராக்கெட்டைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இழைக்கலவை என்றால் என்ன? நம் பாட்டன்மார் மண்சுவர் வைக்கும்போது சேற்றில் வைக்கோலை மிதித்துக் கலந்தார்கள் அல்லவா, அதே தத்துவம். சேறு மட்டும் என்றால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோல் மட்டும் என்றால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் வைக்கோல் இழுவையைத் தாங்கும், சேறு வைக்கோலை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும். இங்கே வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழை. சேற்றுக்குப் பதில் எபாக்ஸி என்னும் பிசின். எஃகு ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம் எடை. கார்பன் இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது சுமார் 1.6 கிராம்தான். எடைக்கு எடை பார்த்தால் அது எஃகைப்போல் மூன்று மடங்கு விறைப்பு. ஆனால் இழை ஓடுகிற திசையில் மட்டும். இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் முழு வித்தையும் இருக்கிறது. எஃகு எல்லாத் திசையிலும் ஒரே குணம் உள்ளது. இழைக்கலவை அப்படியில்லை, பாரம் எந்தத் திசையில் வருகிறது என்று செய்கிறவன்தான் யோசித்து இழையை அந்தத் திசையில் போட வேண்டும்.

மூங்கில் இயற்கையே செய்து வைத்த இழைக்கலவை. அதன் நார்கள் நெடுக ஓடுகின்றன. நடுவில் லிக்னின் என்ற பொருள் பிசின் வேலை செய்கிறது. எடைக்கு எடை அதன் விறைப்பு ஏறக்குறைய எஃகுக்குச் சமம். நார் எல்லாம் நெடுக்கில் இருப்பதால் குறுக்குப் பலம் கிடையாது. அரிவாளை வைத்து ஒரு தட்டு தட்டினால் நுனி வரை பிளந்துகொண்டு போகும். ஆகவே நெடுக்குப் பாரத்தை மூங்கிலுக்கும், மூட்டில் வரும் முறுக்கையும் பிளவையும் பிசினில் நனைத்த இழைக்கும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் 1890களிலேயே மூங்கில் சைக்கிள் செய்து விற்றார்கள். அப்போது மூட்டுக்கு உலோகம். மூட்டுக்கு இழையும் எபாக்ஸியும் சுற்றும் முறையை 1990களில் கலிபோர்னியாவில் கிரெய்க் கால்பீ என்பவர் செய்து காட்டினார். பிறகு அதை ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். முழுக்கக் கார்பனால் ஆன சைக்கிளில் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கு இதில் ஆசை வந்ததற்குக் காரணம் ஒலிம்பிக்கும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. ரயில்வேயில் 'குளூட் ஜாயின்ட்' என்று ஒன்று உண்டு. ரயில் எங்கே நிற்கிறது என்று சிக்னலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தண்டவாளத்தில் சிறிது மின்சாரம் ஓடவிடுவார்கள். சக்கரம் ஏறியதும் இரண்டு தண்டவாளமும் இணைந்து சர்க்யூட் மாறும், சிக்னல் சிவப்பாகும். ஒரு பகுதியின் மின்சாரம் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. ஆனால் அந்த இடத்தில் தண்டவாளம் பலத்தில் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்காகத் தண்டவாளத்துக்கும் பிஷ் பிளேட்டுக்கும் நடுவே கண்ணாடி இழைத் துணியைப் பசையில் நனைத்து வைத்து போல்ட்டால் இறுக்குகிறார்கள். வெயிலில் தண்டவாளம் நீள முயலும்போது வரும் விசையை அந்தப் பசையும் துணியும் தாங்குகின்றன. மேலே எக்ஸ்பிரஸ் வண்டி ஓடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, தண்டவாளத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த பிறகு யாராவது விரலை வைத்தால் கத்துவார். "தொட்டுட்டியா? மறுபடி தேய்!" கையில் உள்ள எண்ணெய்ப் பசை போதும், ஒட்டு விட்டுப் போகும் என்பார். அந்தப் பாடத்தை நானே பிறகு மறந்ததுதான் முதல் சைக்கிளின் கதை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என் பேத்தி கடையில் கார்பன் சைக்கிள் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து விலையைச் சொன்னாள். என் முதல் வருஷச் சம்பளம் முழுதும் சேர்த்தாலும் அதன் சக்கரம்கூட வராது. "தாத்தா, நீங்க என்ஜினியர்தானே, செஞ்சு தர மாட்டீங்களா?" என்றாள். டிப்ளமோக்காரனை யாராவது என்ஜினியர் என்று சொன்னால் அவன் எதையும் செய்வான்!

நெடுமங்காட்டில் உறவினர் தோட்டத்திலிருந்து மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தேன். நாம் கல் மூங்கில் என்போம். இங்கே கல்லன் முள. போலீஸ் லத்திக்கு ஆகும் ஜாதி. துவாரம் சிறிது, சுவர் கனம், நசுங்காது. ஆற்றோரத்து ஈற்றை கூடைக்கும் பாய்க்கும்தான் ஆகும். மூன்று, நான்கு வயது முற்றியதை மழைக்காலம் கழிந்த பிறகு வெட்ட வேண்டும். இளசு சுருங்கிவிடும். தேய்பிறையில் வெட்டு என்று தோட்டத்துப் பெரியவர் பிடிவாதமாகச் சொன்னார். நிலாவைப்பற்றி எனக்குத் தெரியாது. மாவுச்சத்து குறைந்த பருவத்தில் வெட்டினால் உளுக்காது என்பது உண்மை; உளுவண்டு வருவதே அந்த மாவுக்காகத்தான். கணுக்களுக்குள் நீளக் கம்பியால் துளை போட்டு, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் இரண்டு வாரம் ஊறவைத்தேன். பிறகு நிழலில் நான்கு மாதம். வெயிலில் வைத்தால் வெடிக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டவன் யாரும் பிழைத்ததில்லை.

அடுத்து உலோகத் துண்டுகள். நம் நாட்டுச் சாதாரண சைக்கிள் பிரேமில் வெல்டிங்கைவிட லக் என்னும் சாக்கெட்டில் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கி ஊற்றுவதுதான் பழைய வழக்கம். அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற பழைய வண்டிகளில் அதைப் பார்க்கலாம். சாலையில் பழைய இரும்புக் கடையில் ஒரு துருப்பிடித்த பிரேம் வாங்கி, ஹாண்டில் நுழையும் குழாய், பெடல் அச்சு சுழலும் உருளை, சீட்டுத் தண்டு நுழையும் துண்டு, பின் சக்கர அச்சு உட்காரும் தகடுகள் ஆகியவற்றை மட்டும் ஹாக்ஸாவால் அறுத்து எடுத்தேன். திருகு மரை உள்ள இடங்களுக்கு உலோகம்தான் வேண்டும். மற்றது மூங்கில். முன் ஃபோர்க்கை மட்டும் எஃகிலேயே வாங்கிவிட்டேன். அதை வீட்டில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பின்பக்கம் எது முறிந்தாலும் உட்கார்ந்த இடத்தில் விழுவோம். ஃபோர்க் முறிந்தால் முகம் தரையில்.

முதல் பிரேமுக்குக் கடலோரத்தில் படகு செய்யும் ஒரு பட்டறையிலிருந்து பிசினும் துண்டு இழைப் பாயும் வாங்கினேன். விழிஞ்ஞம் பக்கம் பைபர் படகுகள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், கடலைத் தாங்குவது சைக்கிளைத் தாங்காதா என்று நினைத்தேன். அது பாலியெஸ்டர் பிசின். படகுக்கு நல்லது, அச்சில் ஊற்றி முழுப்படகையும் ஒரே ஓடாகச் செய்யும்போது அது எதிலும் ஒட்ட வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. மூங்கிலிலும் இரும்பிலும் ஒட்டிப் பிடிப்பதில் எபாக்ஸிக்கு அது ஈடாகாது. துண்டு இழைப் பாயில் இழைகள் சிறுசிறு துண்டாக எல்லாத் திசையிலும் கிடக்கும்; பாரம் வரும் திசையில் போதிய இழை இருக்காது. மூன்றாவது தவறு, மூங்கிலின் மேல் தோலைச் சுரண்டாமல் விட்டது. அந்தப் பளபளப்பு மெழுகுபோல. அதில் எந்தப் பிசினும் பிடிக்காது. நான்காவது, இடவப்பாதி மழையில் வேலை செய்தது. இத்தனையும் தெரிந்தவனுக்கு வந்த அவசரம்!

பார்க்க அழகாக இருந்தது. ஆறு வாரம் ஓட்டினேன். பெடல் பக்கத்தில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, எண்ணெய் விட்டேன். ஒரு நாள் காலை கரமனை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் உருளை மூட்டோடு கழன்று வந்துவிட்டது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு. பின்னால் வந்த ஆட்டோக்காரர் புண்ணியவான், பிரேக் பிடித்தார். வீட்டில் அம்மாள் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "இதுல பிள்ளையை ஏத்தணும்னு இருந்தீங்களே." அதற்கு மேல் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இரும்பு முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும். இழைக்கலவை வளைந்து காட்டாது. சத்தம் போடும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு எண்ணெய் விட்டவன் நான்.

உடைந்த மூட்டை மேசையில் வைத்துப் பார்த்தேன். இழை அறுபடவே இல்லை. மூங்கிலிலிருந்து சட்டை கழன்றதுபோல உரிந்து வந்திருந்தது. உள்பக்கம் மூங்கில் தோலின் பளபளப்பு அப்படியே பதிந்திருந்தது. மேஸ்திரியின் குரல் காதில் கேட்டது.

இரண்டாவது பிரேமைச் சாவகாசமாகச் செய்தேன். பிளைவுட் பலகையில் முழு அளவுப் படம் வரைந்து, கட்டைகளை அறைந்து, துண்டுகள் அசையாமல் நிறுத்தினேன். மூட்டுக்குப் பக்கத்தில் கணு வருகிற மாதிரி மூங்கிலை அறுத்தேன். அங்கே பிளவு ஓடாது. மூட்டு வரும் இடத்தில் மட்டும் தோலைச் சுரண்டினேன். மற்ற இடத்தில் தோலைத் தொடக் கூடாது, ஏனெனில் மூங்கிலில் நார் அதிகம் செறிந்திருப்பது வெளிச்சுவரில்தான். இரும்பைத் தேய்த்து அசிட்டோனால் துடைத்து, கையுறையோடு மட்டுமே எடுத்தேன்.

எபாக்ஸிக்கு நம் நாட்டில் பட்டறைகளில் அதிகம் புழங்கும் எல்.ஒய்.556, எச்.ஒய்.951 ஜோடியையே வாங்கினேன். பிசின் நூறு கிராமுக்குக் கெட்டியாக்கி பத்து கிராம். நகைக்கடைத் தராசில் நிறுக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கெட்டியாக்கியை இரண்டு மடங்கு ஊற்றுவது பெரிய தவறு. மிகுந்தது சேராமல் உள்ளே கிடந்து மூட்டைப் பலவீனமாக்கும். அரைமணிக்குள் சுற்றி முடிக்கிற அளவுக்கே கலக்க வேண்டும். ஒரு தடவை அதிகமாகக் கலந்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். இறுகும்போது தானே சூடேறி, கிண்ணம் உருகிப் புகை வந்தது. சமையலறை மேடையில் வைத்திருந்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு.

நம் ஊரில் தென்னை நார் இருக்க எதற்குக் கண்ணாடி இழை என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. பாப்பனம்கோட்டில் உள்ள மத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் 1980களிலேயே தென்னை நார், வாழை நார் இவற்றைப் பிசினோடு சேர்க்கும் ஆய்வுகள் நடந்தன. தென்னை நாரின் குணம், இழுத்தால் நீளும். நீளத்தில் கால் பங்குவரைகூட நீண்ட பிறகே அறும். கப்பல் கயிற்றுக்கு அது வரம். மூட்டுக்கு அது சாபம், ஏனெனில் மூட்டு நீளவே கூடாது. வாழை நார் இதைவிட விறைப்பு. மனம் கேட்காமல் பின்பக்க மெல்லிய குழாய்களின் நடுவில், பாரம் இல்லாத இடத்தில், அழகுக்கு வாழை நார் சுற்றியிருக்கிறேன்.

பாரம் உள்ள மூட்டுகளில் முதல் சுற்று கண்ணாடி நாடா, அதன்மேல் கார்பன். கார்பன் நேராக உலோகத்தைத் தொட்டால், உப்புக் காற்றில், பேட்டரிபோல வேலை செய்து உலோகத்தை அரிக்கும். அலுமினியத்துக்கு மிகவும் ஆபத்து, இரும்பும் தப்பாது. சங்குமுகத்திலிருந்து வீசும் காற்றில் இதை மறக்கக் கூடாது. சுற்றும் விதம் எட்டுப்போல: ஒரு குழாயிலிருந்து உருளையைச் சுற்றி அடுத்த குழாய்க்கு, திரும்ப முதலுக்கு. பெடல் மிதிக்கும்போது வருவது முறுக்கு விசையானதால் அங்கே இழை குழாய்க்குச் சாய்வாக, ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரியில், இருபக்கமும் குறுக்கிட்டுப் போக வேண்டும். மூங்கில் முனைகளில் மோதிரம்போல நேர்ச்சுற்றும் வேண்டும், பிளவைத் தடுக்க. ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பிடித்துச் சுற்றி, மேலே துளை போட்ட பாலிதீன், அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாகக் கிழித்து இறுக்கிக் கட்டினால் மிகைப் பிசின் துளை வழியாக வடியும். இழைக்குத்தான் பலம், மிகைப் பிசின் வெறும் கனம்.

மறுநாள் டியூபை அவிழ்த்தால் மேலே வழவழவென்று எண்ணெய்போல ஒரு படலம் இருக்கக்கூடும். நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம்; கெட்டியாக்கி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்குவது. தண்ணீரில் கழுவித் தேய்த்த பிறகே அடுத்த சுற்று. அப்படியே மேலே சுற்றினால் உரிந்து வரும். தேய்க்கும்போது மூக்குக்கு முகமூடி, கைக்கு உறை கட்டாயம். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கெட்டியாக்கி சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வாசனையே ஆகாது.

வெள்ளைக் கட்டின் ரகசியம் இதுதான்: வீட்டில் சாதாரணச் சூட்டில் இறுகிய எபாக்ஸி அறுபது டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கார்பன் கறுப்பு, மேட வெயிலில் நிறுத்தினால் அந்தச் சூடு சுலபமாக ஏறிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரும் பிசினைக் கெடுக்கும். ஆகவே மூட்டுகளுக்கு வெள்ளைப் பெயிண்ட். பேத்திக்கு இது பிடிக்கவில்லை, கறுப்புதான் கார்பன் மாதிரி தெரியும் என்கிறாள்.

பிரேம் மட்டும் 2 கிலோ 600 கிராம். மொத்தச் செலவைக் கணக்குப் பார்த்தால் நல்ல புதுச் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கலாம். பணம் மிச்சமாகும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம்.

செய்து முடித்ததும் ஓட்டிவிடவில்லை. பிரேமைத் தாங்கிகளில் நிறுத்தி, பெடல் உருளையின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றினேன், என் எடையைப்போல் இரண்டரைப் பங்கு. ஒரு இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் நூல் பிடித்துப் பார்த்தேன். அளவு மாறவில்லை. ஆனால் நின்ற பாரம் வேறு, ஓடுகிற பாரம் வேறு என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான தடவை சிறிய பாரம் வந்து வந்து போவதுதான் தண்டவாளத்தையும் முறிக்கிறது. ஆகவே ஆறு மாதம் நான் மட்டும் ஓட்டுவது, வாரம் ஒருமுறை தட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பழைய நாளில் ரயில் நின்றதும் ஒருவர் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவதை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். விரிசல் இருந்தால் மணிநாதம் போய் மொத்தென்று கேட்கும். இழைக்கலவைக்கும் அதே பரீட்சை உண்டு. விமானத் தொழிலில்கூட நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே அடுக்கு விட்டிருந்தால் ஓசை செத்துப்போகும்.

ஆறு மாதம் என்றது பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கரமனை ஏற்றத்தில் அதே இடத்தில் எழுந்து நின்று எத்தனையோ தடவை மிதித்தாயிற்று. ஓசை மாறவில்லை. ஆனாலும் பேத்தியிடம் கொடுக்க மனம் வராமல் ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போட்டேன். கடைசியில் போன ஓணத்துக்கு மறுநாள் அவள் பாட்டியே வாசலில் வந்து நின்று, "தட்டினது போதும், குடுங்க" என்றாள்.

இப்போது பேத்திதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு ரூபாய் நாணயத்தால் பதினோரு இடங்களில் தட்டி, நோட்டில் தேதி போட்டு எழுதுகிறாள். இடப்பக்கப் பின்மூட்டில் மட்டும் ஓசை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று மூன்று வாரமாகச் சொல்கிறாள். எனக்குக் காது முன்போல இல்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கப் போகிறோம். அதுவரை வண்டி சுவரில் மாட்டியிருக்கும். பார்க்க விரும்பும் அன்பர்கள் அன்று காலை காப்பி நேரத்தில் வரலாம்.